‘கிரேடு 1’ என்று மட்டும் எழுதினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளும் இலவச முகாம்களும் பெருகிய பிறகு, ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்ற ஒற்றை வரி தமிழ்நாட்டில் ஏராளமானோரின் ஃபைலில் ஏறிவிட்டது. அதைப் படித்துச் சிலர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். சிலர் ‘எல்லாருக்கும் இருப்பதுதானே’ என்று மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். நோயாளி உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியதை அந்த வரி சொல்வதில்லை என்பதால்தான் இந்த இரண்டும் நடக்கின்றன. ஸ்கேன் எடுத்து அறிக்கை எழுதும் மருத்துவர்கள் நாங்கள். ஊசி குத்தாமல், சதை எடுக்காமல் கல்லீரலைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும், எங்கே தவறு நேர்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்தாலே அது கொழுப்புக் கல்லீரல்தான். சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட் அதை அவ்வளவு சீக்கிரம் காட்டாது. கொழுப்பு 20, 30 விழுக்காட்டைத் தொடும்போதுதான் அதன் கண்ணுக்கு நம்பகமாகத் தெரியும். எனவே ‘ஸ்கேன் நார்மல்’ என்பதைக் கல்லீரலில் கொழுப்பே இல்லை என்று படிக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர், இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள ஆண், 80-க்கு மேல் உள்ள பெண், டிரைகிளிசரைடு 150-ஐத் தாண்டியவர் ஆகியோர் இதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். ஆள் ஒல்லியாக இருப்பது காப்பாற்றாது. நம் மக்களிடம் எடை குறைவாக இருந்தும் வயிற்றில் கொழுப்பு சேர்வது சகஜம். எங்கள் மேசையில் படுப்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. எல்.எஃப்.டி. எனும் கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதே என்றும் நிம்மதி அடைய வேண்டாம். அதில் வரும் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி இயல்பான அளவில் இருக்கும்போதே கொழுப்பும், சிலருக்கு வடுவும்கூட இருக்கலாம்.

அந்தக் கிரேடு எப்படிப் போடப்படுகிறது? வலது விலாவுக்குக் கீழே கல்லீரலையும் வலது சிறுநீரகத்தையும் ஒரே படத்தில், ஒரே ஆழத்தில் கொண்டுவந்து நிறத்தை ஒப்பிடுகிறோம். இயல்பாக இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். கல்லீரல் வெளுத்துத் தெரிந்து, உள்ளே ரத்தக் குழாய்களின் சுவர் தெளிவாக இருந்தால் கிரேடு 1. குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளங்களின் சுவர் மங்கத் தொடங்கினால் கிரேடு 2. ஒலி உள்ளே போகப் போகத் தேய்ந்து, பின்னால் உதரவிதானமே தெரியாமல் போனால் கிரேடு 3. முழுக்க முழுக்கக் கண் மதிப்பீடு. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் ஓரிடத்தில் கிரேடு 1, இன்னோரிடத்தில் கிரேடு 2 என்று வருவதில் வியப்பில்லை.

தவறும் இங்கேதான் நுழைகிறது. மெஷினில் கெயின் என்று ஒரு திருகு உண்டு. டிவியில் பிரைட்னஸைக் கூட்டினால் எல்லார் முகமும் வெளுப்பது போல, அதைக் கூட்டினால் எந்தக் கல்லீரலும் வெளுக்கும். ஆழத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் நகர்த்திகளை நடுவில் வைக்காமல் பார்த்தாலும் இதே கதைதான். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு அந்தச் சிறுநீரகமே வெளுத்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் கொழுப்பு நிறைந்த கல்லீரலும் நல்ல கல்லீரலாகத் தெரியும். அப்போது மண்ணீரலை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். வடுப்பட்ட கல்லீரலும் வெளுத்துத் தெரிவதால், முற்றிய வடுவைக் கொழுப்பு என்று எழுதிவிடும் அபாயமும் உண்டு.

இன்னொன்று, பலரைத் தேவையில்லாமல் அழவைப்பது. கல்லீரல் முழுக்கக் கொழுப்பு இருந்தாலும் பித்தப்பையை ஒட்டியும் போர்ட்டல் நாளத்துக்கு முன்புறமும் ஒரு சிறு பகுதி கொழுப்பில்லாமல் தப்பிவிடுவது வழக்கம். வெள்ளைப் பின்னணியில் அது கறுத்த திட்டாகத் தெரியும். அனுபவம் குறைந்தவர் அதைக் ‘கட்டி’ என்று எழுதிவிட்டால், குடும்பமே புற்றுநோய் மருத்துவமனை வாசலில் நிற்கும். திட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, அதனுள் ஓடும் ரத்தக் குழாய் வளையாமல் நேராகப் போகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கட்டி குழாயைத் தள்ளும். தப்பிய திட்டு தள்ளாது.

இவையெல்லாம் கொழுப்பைப் பற்றியவை. கல்லீரலைக் கெடுப்பது வடு. கொழுப்பு, அழற்சி, அதன்பின் ஃபைப்ரோசிஸ் எனும் வடு, கடைசியில் சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கம். கொழுப்பு உள்ள எல்லாருக்கும் வடு வருவதில்லை. வந்தவர்களுக்கு இனி என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது வடுவின் அளவுதான், கொழுப்பின் அளவல்ல. சிரோசிஸ் முற்றும்போது கல்லீரல் கொழுப்பு தானாகவே குறைவதும் உண்டு. அதாவது கிரேடு 3-இலிருந்து கிரேடு 1-க்கு ‘இறங்கிய’ ஒருவருக்கு நிலைமை மோசமாகியிருக்கலாம். கிரேடு எண்ணை மட்டும் பார்த்து மருந்து எழுதுவதும் நிறுத்துவதும் ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும்.

வடுவை ஊகிக்கும் முதல் கருவிக்கு ஸ்கேனே தேவையில்லை, ஒரு கால்குலேட்டர் போதும். ஃபிப்-4 என்பது அதன் பெயர். வயதை, எல்.எஃப்.டி. அறிக்கையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதியின் அளவால் பெருக்குங்கள். தனியாக, எஸ்.ஜி.பி.டி. அளவின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட் எண்ணிக்கையால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. 50 வயது, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 40-ஆல் பெருக்க 2000. 49-இன் வர்க்கமூலம் 7. அதை 200-ஆல் பெருக்க 1400. விடை 1.43. நம் ஆய்வகங்கள் பிளேட்லெட்டை லட்சத்தில் அச்சிடுகின்றன. சூத்திரம் ஆயிரத்தில் கேட்கிறது. 2 லட்சம் என்றால் 200 என்று போட வேண்டும். 2 என்று போட்டுவிட்டு விடை 143 வருகிறதே என்று பதறியவர்கள் உண்டு.

விடை 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய வடு இருக்க வாய்ப்பு குறைவு. சர்க்கரை நோய் போன்ற காரணங்கள் இருந்தால் ஓரிரு ஆண்டுகளில் மறுபடி கணக்கிட்டால் போதும். 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இடையில் இருந்தால், மேலே உள்ள எடுத்துக்காட்டைப் போல, அடுத்து கல்லீரலின் விறைப்பை அளக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கீழ் எல்லையை 2.0 என்று கொள்வது வழக்கம். வயதே எண்ணைத் தூக்கிவிடும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. டெங்கு வந்தால் பிளேட்லெட் இறங்கும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும். சூத்திரத்தில் மேலே உள்ளது ஏறி, கீழே உள்ளது இறங்கினால் விடை எகிறத்தான் செய்யும். காய்ச்சல் கண்ட நாட்களில் எடுத்த ரத்த அறிக்கையை வைத்து ஃபிப்-4 போடாதீர்கள். உடம்பு தேறி எண்ணிக்கைகள் பழைய நிலைக்கு வந்தபின் போடுங்கள். கடுமையான உடற்பயிற்சிக்கு மறுநாள் எடுத்த ரத்தத்திலும், குழாயில் சிவப்பணு உடைந்துபோன மாதிரியிலும் எஸ்.ஜி.ஓ.டி. பொய்யாக உயரும்.

இனி விறைப்பு. வடு கூடக் கூடக் கல்லீரல் விறைக்கும். ஃபைப்ரோஸ்கேன் என்று மக்கள் அழைக்கும் கருவி 2003 வாக்கில் பிரான்சிலிருந்து வந்தது. நோயாளி மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னே வைத்து, வலது காலை இடது காலின் மேல் போட வேண்டும். விலா எலும்புகளின் இடைவெளி விரியும். அக்குளிலிருந்து நேர்க்கீழாக இறங்கும் கோட்டில், விலா இடைவெளியில் ஜெல் தடவி, புரோப் எனும் கையில் பிடிக்கும் முனையைத் தோலுக்குச் செங்குத்தாக வைத்துப் பொத்தானை அழுத்தினால் விரலால் சுண்டியது போல ஒரு தட்டல். அந்த 50 ஹெர்ட்ஸ் அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அல்ட்ராசவுண்டே அளக்கிறது. விறைத்த கல்லீரலில் வேகம் கூடும். வேகத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் கிலோபாஸ்கல் கணக்கில் விறைப்பு. ஒரு சென்டிமீட்டர் அகலம், நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டின் நிலை இதில் தெரிகிறது. ஊசி பயாப்ஸியில் கிடைக்கும் சதையைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு.

8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய வடு இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். 8 முதல் 12 வரை சந்தேகப் பகுதி. 12-க்கு மேல் போனால் முற்றிய வடு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்ப்பதும் கிரேடைப் பார்ப்பதும் ஒன்றே. அறிக்கையில் கூடவே மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். குறைந்தது 10 செல்லுபடியான அளவீடுகள் எடுக்கப்பட்டனவா? ஐ.க்யூ.ஆர். என்று குறிக்கப்படும் சிதறல், இடைநிலை மதிப்பில் 30 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா? எந்தப் புரோப் பயன்பட்டது? தோலிலிருந்து கல்லீரலுக்கு உள்ள தூரம் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டினால் வழக்கமான எம் புரோப் எட்டாது, பருத்த உடலுக்கான எக்ஸ்.எல். புரோப் வேண்டும். பருத்த உடலில் எம் புரோபை வைத்து அழுத்தினால் ஒன்று அளவே வராது, அல்லது பொய்யாகக் கூடுதலாக வரும். முகாமுக்கு ஒரே புரோபைக் கொண்டுவந்து எல்லாருக்கும் அதையே வைப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்குள் புரோபுக்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்பவர் யாருமில்லை.

வெறும் வயிறு இங்கே சம்பிரதாயமல்ல. சாப்பிட்டபின் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், விறைப்பும் கூடும். குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு முகாம், ஏழரைக்கு வரவேற்பில் இட்லி, வடை, காபி, ஒன்பது மணிக்கு ஃபைப்ரோஸ்கேன் என்றால் அந்த அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடலாம். மஞ்சள் காமாலை, பித்தக் குழாய் அடைப்பு, இதயச் செயலிழப்பு, சமீபத்திய குடி ஆகியவையும் விறைப்பைப் பொய்யாக ஏற்றும். எஸ்.ஜி.பி.டி. ஐந்து மடங்கு ஏறியிருக்கும் நேரத்தில் விறைப்பு 14 என்று வந்தால் அது சிரோசிஸ் என்று அர்த்தமல்ல. அழற்சி தணிந்தபின் மறுபடி எடுக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் இந்தக் கருவியால் அளக்கவே இயலாது. அதிர்வு நீரைத் தாண்டாது. கர்ப்பிணிகளுக்குச் செய்வதில்லை.

பெரிய அல்ட்ராசவுண்ட் மெஷின்கள் பலவற்றில் இப்போது விறைப்பை அளக்கும் ஷியர் வேவ் என்ற வசதி சேர்ந்தே வருகிறது. படத்தைப் பார்த்துக்கொண்டே, ரத்தக் குழாயைத் தவிர்த்து, கல்லீரல் உறைக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கீழே அளக்கலாம் என்பது இதன் மேன்மை. மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லக் கூடாது. சாதாரணமாக விட்டுக்கொண்டிருக்கும்போதே சில வினாடிகள் நிறுத்தினால் போதும். இதில் ஒரு குழப்பத்தை மட்டும் நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும். சில மெஷின்கள் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வேகத்தை அச்சிடும், சில கிலோபாஸ்கலை அச்சிடும். வினாடிக்கு 2 மீட்டர் என்பது ஏறத்தாழ 12 கிலோபாஸ்கல். போன வருடம் 12, இந்த வருடம் 2, நோய் போய்விட்டது என்று இனிப்பு வாங்கிவிடாதீர்கள், அலகைப் பாருங்கள். அலகு ஒன்றாக இருந்தாலும் வெவ்வேறு நிறுவனத்தின் மெஷின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது சரிவராது.

ஃபைப்ரோஸ்கேன் அதே நேரத்தில் கேப் என்ற இன்னொரு எண்ணையும் தரும். ஒலி கொழுப்பில் எவ்வளவு தேய்கிறது என்பதை மீட்டருக்கு இத்தனை டெசிபெல் என்று, 100 முதல் 400 வரையிலான அளவுகோலில் காட்டுவது. இதை எஸ்1, எஸ்2, எஸ்3 என்று படிநிலையாக மாற்றி எழுதும் வழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 248, 268, 280 என்று எல்லைகளை வகுத்தது; 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு 302, 331, 337 என்றது. ஒருவருக்கு 290 வந்தால் முதல் கணக்கில் கடைசிப் படி, இரண்டாவது கணக்கில் முதல் படிகூட இல்லை. 275-க்கு மேல் என்றால் கொழுப்பு இருக்கிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. இருபது முப்பது டெசிபெல் ஏறியது, இறங்கியது என்பதை வைத்து மருந்து வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கொழுப்பை விழுக்காட்டில் துல்லியமாகச் சொல்வது எம்.ஆர்.ஐ. மட்டுமே. பி.டி.எஃப்.எஃப். என்ற முறையில் ஊசி மருந்து எதுவும் தேவையில்லை. ஒரே ஒருமுறை, இருபது வினாடி அளவுக்கு மூச்சைப் பிடித்தால் கல்லீரல் முழுவதன் கொழுப்பு அளவும் வந்துவிடும். ஆரம்ப நிலையை, அதாவது 5 விழுக்காட்டை ஒட்டிய கொழுப்பைக் கண்டுபிடிக்க இதுதான் வழி. கல்லீரலில் இரும்புச்சத்து படிந்திருந்தால் அதற்கான திருத்தம் செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நிறைய ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு இது முக்கியம். விறைப்பையும் எம்.ஆர்.ஐ. அளக்கும். விலாவின் மேல் ஒரு தட்டையான மத்தளம் போன்ற கருவியைக் கட்டி 60 ஹெர்ட்ஸில் அதிரவைத்து அலைகளைப் படமெடுப்பது அது. அந்த முறையை அறிவித்து 1995-இல் ‘சயன்ஸ்’ இதழில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் முத்துப்பிள்ளை என்பது தமிழ் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். அதற்காக எல்லாரும் எம்.ஆர்.ஐ.க்கு ஓட வேண்டாம். செலவு அதிகம், பெரும்பாலோருக்குச் சிகிச்சையை மாற்றும் எந்தத் தகவலும் அதில் கிடைக்காது. மற்ற எண்கள் ஒன்றோடொன்று முரண்படும்போதும், மருந்து ஆராய்ச்சியிலும் அதன் இடம் பெரிது.

சி.டி. ஸ்கேனைக் கொழுப்புக்காக எடுக்கவே கூடாது. கதிர்வீச்சு உண்டு, லேசான கொழுப்பும் தெரியாது. ஆனால் சிறுநீரகக் கல்லுக்காக மருந்து செலுத்தாமல் எடுத்த சி.டி. ஏற்கெனவே கையில் இருக்கிறதென்றால், அதில் கல்லீரலின் மேல் ஒரு வட்டம் போட்டு அளப்பதற்கு அரை நிமிடம் ஆகாது. சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 40-க்குக் கீழே இருந்தால் கணிசமான கொழுப்பு என்று பொருள். கல்லை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடும் அறிக்கைகள் ஏராளம். எங்கள் துறையினர் இதைக் கவனிக்க வேண்டும்.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொழுப்புக் கல்லீரலைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை நோயாளிகளின் பட்டியல் ஊர்வாரியாக ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஃபிப்-4 கணக்கிட்டு, 1.3-ஐத் தாண்டியவர்களை மட்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ விறைப்பு அளக்க அனுப்பினால், இருக்கிற கருவிகளே பெருமளவு போதும். ஊரில் எல்லாருக்கும் ஃபைப்ரோஸ்கேன் முகாம் என்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நோய் குறைந்த கூட்டத்தில் எடுக்கும்போது பொய்யான உயர் எண்களே அதிகம் சேரும்; அவர்களைப் பின்தொடரவும் ஆளிருக்காது.

குடிப் பழக்கத்தையும் அறிக்கை கேட்கும் படிவத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆண் வாரத்துக்கு 210 கிராமைத் தாண்டினால், அதாவது மூன்றரைக் குவார்ட்டருக்கு மேல் போனால், அது வெறும் கொழுப்புக் கல்லீரல் என்ற வகைக்குள் அடங்காது. பெண்களுக்கு 140 கிராம். ‘எப்போதாவது’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

சிகிச்சை எங்கள் பகுதி அல்ல. அளவீட்டோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறோம். எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கொழுப்பு குறையத் தொடங்கும், 10 விழுக்காடு குறைந்தால் வடுவே பின்வாங்கக்கூடும். 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெஸ்மெடிரோம் என்ற மருந்து இடைநிலை, முற்றிய வடு உள்ளவர்களுக்கானது, சிரோசிஸ் வந்தவர்களுக்கல்ல. இப்படிப்பட்ட மருந்துகள் வரவர விறைப்பு எண்ணின் தேவை கூடத்தான் போகிறது. கிரேடு 1 என்ற வரிக்காக மாதக்கணக்கில் ‘லிவர் டானிக்’ குடிப்பதற்கு எந்த அளவீட்டிலும் ஆதாரம் இல்லை.

எனவே ஸ்கேன் மையங்களிடம் நோயாளிகள் கேட்டு வாங்க வேண்டியது இவ்வளவுதான்: கிரேடோடு, சிறுநீரகத்தோடு ஒப்பிட்ட படம், விறைப்பு அளந்திருந்தால் எண், அலகு, எத்தனை அளவீடு, ஐ.க்யூ.ஆர்., புரோப், எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தார் என்ற குறிப்பு. மெஷினின் பெயரும் வேண்டும். அடுத்த முறை அதே வகை மெஷினில், அதே புரோபில், அதே போல வெறும் வயிற்றில் எடுத்தால்தான் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். எடை குறைக்கத் தொடங்கிய அடுத்த மாதமே மறு ஸ்கேனுக்கு வர வேண்டாம். ஆறு மாதமாவது போகட்டும்.

இப்படிக்கு,
ஸ்கேன் துறை மருத்துவர்கள் சிலர்,
மதுரை.